பல் மருத்துவரிடம் போகப் பயமா? பயத்தோடேயே சிகிச்சையை முடிக்க ஒரு வழிகாட்டி

பல் வலித்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது, வலி அடங்கியதும் அந்தப் பல்லை மறந்துவிடுவது, மறுபடி வலித்தால் மறுபடி மாத்திரை. இப்படியே ஆண்டுகளைக் கடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிக் கடத்தியவன். சிறு வயதில் சரியாக மரத்துப்போகாத நிலையில் எனக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். அதன் பிறகு பல் மருத்துவமனைகளில் வீசும் கிராம்பு வாசனை பட்டாலே உள்ளங்கை வியர்க்கும். வளர்ந்த பிறகும் அது மாறவில்லை. ஒரு வழியாக எல்லாச் சிகிச்சைகளையும் முடித்துவிட்டேன். முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும் என்று தோன்றிய செய்திகளை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

பயம் போன பிறகு போகலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். வீட்டில் இருந்தபடி இந்தப் பயம் குறையாது, வளரத்தான் செய்யும். தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சிறு சொத்தை வேர்வரை இறங்குகிறது. அடைத்தாலே போதும் என்றிருந்த பல்லுக்கு ரூட் கேனல் (வேருக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) தேவைப்படுகிறது. அதையும் தள்ளினால் பிடுங்க வேண்டியதாகிறது. எந்தப் பெரிய சிகிச்சைக்குப் பயந்தோமோ அதுவே வந்து நிற்கிறது. கூடவே வெட்கமும் சேர்ந்துகொள்கிறது: "இவ்வளவு கெட்டுப்போன வாயை எப்படித் திறந்து காட்டுவது?" பயத்தைவிட இந்த வெட்கம்தான் பலரைக் கதவருகே வந்த பிறகும் திருப்பி அனுப்புகிறது.

இதன் பாதிப்பு பல்லோடு நிற்பதில்லை. ஒரு பக்கமாகவே மெல்லுவது, முறுக்கையும் கரும்பையும் பார்த்து ஒதுங்குவது, குளிர்ந்த தண்ணீர் குடிக்கத் தயங்குவது, இரவில் வலி எப்போது தொடங்குமோ என்று தூக்கம் கெடுவது, கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வது, வாய் நாற்றம் வருமோ என்று எதிரில் இருப்பவரிடம் நெருங்கிப் பேசாமல் இருப்பது, வீட்டில் எரிந்து விழுவது. இவையெல்லாம் உங்களிடம் இருந்தால் நீங்கள் கோழை என்று பொருள் அல்ல. உலகம் முழுக்க மருத்துவர்கள் அறிந்த, அளந்து பார்க்கிற ஒரு பயம் உங்களுக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

1. உங்கள் பயம் எவ்வளவு, எதன்மீது என்று எழுதிப் பாருங்கள்

பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. நாளை பல் சிகிச்சை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும்போது? பல்லைக் குடையப் போகிறார்கள் என்றால்? பல்லைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால்? பல் ஈற்றில் மரத்துப்போகும் ஊசி போடப் போகிறார்கள் என்றால்? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுங்கள். 1 என்றால் பயமே இல்லை. 5 என்றால் தாங்க முடியாத பயம். கூட்டுத்தொகை 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம் என்று கணக்கிடுகிறார்கள்.

எண்ணைவிட முக்கியம், எந்தக் கேள்விக்கு 5 போட்டீர்கள் என்பது. ஊசிக்குப் பயப்படுகிறவருக்குச் செய்ய வேண்டிய உதவி வேறு, இயந்திரத்தின் சத்தத்துக்குப் பயப்படுகிறவருக்கு வேறு. மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்குமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தொண்டையருகே ஏதாவது பட்டால் குமட்டல் வருகிறவர்கள் உண்டு. மருத்துவர் திட்டுவார் என்பதே சிலரின் முழுப் பயம். உங்களுடையது எது என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் 6ஆம் படியில் தேவைப்படும்.

2. காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

மற்ற எல்லாப் படிகளையும் உங்கள் வேகத்தில் செய்யலாம். ஆனால் தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், விழுங்க முடியாமை, மூச்சு விடச் சிரமம், வாயைத் திறக்க முடியாமை, கண்ணை நோக்கிப் பரவும் கன்ன வீக்கம், வீக்கத்தோடு காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. நள்ளிரவாக இருந்தால் பெரிய அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். மூச்சுத் திணறினால் 108ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாரக்கணக்கில் துடித்த பல் திடீரென்று அமைதியானால் குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்ளே நரம்பு செத்திருக்கலாம். வலி போய்விடும், தொற்று தொடரும்.

3. எங்கே போவது

மூன்று வழிகள் இருக்கின்றன.

அரசு மருத்துவமனை: மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. புதுக்கோட்டையிலும் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இங்கே செலவு மிகக் குறைவு, பல சிகிச்சைகள் இலவசம். ஆனால் வெளிநோயாளர் பிரிவு பெரும்பாலும் காலையில்தான் இயங்கும், கூட்டம் அதிகம். ஓ.பி. சீட்டு வாங்க ஒரு வரிசை, பரிசோதனைக்கு ஒரு வரிசை, எக்ஸ்ரேவுக்கு ஒரு வரிசை என்று அரை நாள் போய்விடும். காத்திருக்கக் காத்திருக்கப் பயம் ஏறுகிறவர்கள், கவுண்ட்டர் திறக்கும் நேரத்திலேயே போய் நில்லுங்கள். கூட ஒருவரை அழைத்துச் சென்றால் வரிசையில் அவர் நிற்கலாம். நீங்கள் வெளியே காற்றாட இருக்கலாம்.

தனியார் பல் மருத்துவக் கல்லூரி: மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை தருவார்கள். கட்டணம் கிளினிக்குகளைவிடக் குறைவாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியர் வந்து சரிபார்க்க வேண்டும் என்பதால் நேரம் மிகுதியாகப் பிடிக்கும். நீண்ட நேரம் வாயைத் திறந்து வைத்திருப்பது உங்களுக்குச் சிரமம் என்றால் யோசியுங்கள். மறுபக்கம், இங்கே பொறுமையாக விளக்குவார்கள். எனக்கு முதன்முதலில் எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்து "இதோ பாருங்கள், சொத்தை இந்த இடத்தில் இருக்கிறது" என்று காட்டியவர் ஒரு பயிற்சி மருத்துவர்தான்.

தனியார் கிளினிக்: முன்பதிவு, குறைந்த காத்திருப்பு, ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்ப்பது ஆகியவை பயந்தவர்களுக்குப் பெரிய உதவி. செலவு அதிகம். பி.டி.எஸ். படித்த மருத்துவரே பெரும்பாலான சிகிச்சைகளைச் செய்வார். சிக்கலான ரூட் கேனல், எலும்புக்குள் புதைந்த ஞானப் பல் போன்றவற்றுக்கு எம்.டி.எஸ். முடித்த சிறப்பு மருத்துவர் வருவார். பலகையில் பட்டமும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்நாடு மாநில பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் யாரும் சிகிச்சை செய்யக் கூடாது. மலிவாகப் பல் கட்டித் தருகிறேன் என்று பட்டம் இல்லாமல் கடை போட்டிருப்பவர்களிடம் எக்காரணம் கொண்டும் வாயைக் காட்டாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் "யார் நல்ல டாக்டர்?" என்று கேட்பதைவிட "யார் பொறுமையாகச் செய்வார்?" என்று கேளுங்கள். குழந்தைகளுக்கு நன்றாகப் பார்க்கும் மருத்துவர் பெரும்பாலும் பயந்த பெரியவர்களுக்கும் நன்றாகப் பார்ப்பார்.

4. முன்பதிவின்போதே பயத்தைச் சொல்லிவிடுங்கள்

என் அனுபவத்தில் எல்லாப் படிகளிலும் மிகுதியான பலன் தந்தது இதுதான். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் அப்போது வாய் வராது. தொலைபேசியில் இப்படிச் சொல்லலாம்:

"எனக்குப் பல் சிகிச்சை என்றால் கடுமையான பயம். பல வருடங்களாக வரவில்லை. முதல் நாள் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் மட்டும் போதும். வேறு எதுவும் செய்ய வேண்டாம். டாக்டரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா?"

பேசத் தயக்கமாக இருந்தால் வீட்டில் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்; அல்லது இதையே செய்தியாக அனுப்புங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். "அதெல்லாம் ஒன்றும் இல்லை, வாருங்கள்" என்று அவசரமாகத் துண்டித்தால் வேறு இடம் பாருங்கள். நான் முதலில் போன ஒரு கிளினிக்கில், "இந்த வயதில் என்ன பயம்?" என்று கேட்டுவிட்டு அன்றே பல்லை எடுத்துவிடலாம் என்று கருவியைக் கையில் எடுத்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். அப்படி எழுந்து வரும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் எந்தச் சிகிச்சையும் தொடங்கக் கூடாது.

நேரம் கேட்கும்போது காலையின் முதல் நேரத்தைக் கேளுங்கள். மாலை வரை நினைத்து நினைத்துக் களைத்துப்போக வேண்டியிருக்காது. முந்தைய நோயாளிக்குத் தாமதமாகி நீங்கள் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

5. கையில் கொண்டுபோக வேண்டியவை

ஆதார் அட்டை அல்லது வேறு அடையாள அட்டை, தொலைபேசி எண், பழைய எக்ஸ்ரே, பழைய மருந்துச்சீட்டுகள். அரசு மருத்துவமனையில் ஏற்கெனவே காட்டியிருந்தால் அந்த ஓ.பி. சீட்டு. இவை எளிது.

கட்டாயம் எழுதிக்கொண்டு போக வேண்டியது, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். பயந்தவர்கள் பதற்றத்தில் இதைத்தான் மறக்கிறார்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்று ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைப் பல் எடுப்பதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டுமா என்பதை உங்கள் இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களிடம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பார்கள். முன்பே எடுத்துச் சென்றால் ஒரு நடை மிச்சம். எலும்புத் தேய்மானத்துக்கு அலண்ட்ரோனேட் மாத்திரையோ ஜோலெட்ரோனிக் அமில ஊசியோ எடுத்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல் எடுத்த பிறகு தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. கர்ப்பிணிகள் மாதத்தைச் சொல்லுங்கள். அவசரமில்லாத சிகிச்சைகளுக்கு நடு மூன்று மாதங்கள் வசதியானவை. வலியும் சீழும் இருந்தால் எந்த மாதத்திலும் காட்டலாம்.

கூடவே ஒரு கைக்குட்டை, பாட்டுக் கேட்க இயர்போன், உங்கள் பயத்தை எழுதிய அந்தத் தாள்.

6. முதல் நாள்: பார்ப்பது மட்டும்

முதல் நாளில் வலி தரும் எதுவும் நடக்க வேண்டியதில்லை. சிறு கண்ணாடியும் கூர்முனைக் கருவியும் கொண்டு பார்ப்பார்கள். கெட்ட பல்லுக்குத் தனியாக ஒரு சிறு எக்ஸ்ரே எடுப்பார்கள். பல ஆண்டுகள் காட்டாத வாய் என்றால் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எழுதித் தருவார்கள். நின்றபடியே எடுக்கும் படம் அது. வாய்க்குள் ஃபிலிம் வைக்க வேண்டியதில்லை. குமட்டல் வருகிறவர்கள் அதையே கேட்டு வாங்கலாம்.

நாற்காலியில் படுப்பதற்கு முன், உட்கார்ந்த நிலையில், முகம் பார்த்து, அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள். மூன்று விஷயங்களைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று, இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும். இரண்டு, எதைச் செய்வதற்கு முன்னும் என்ன செய்யப் போகிறார் என்று சொல்ல வேண்டும். கருவியைக் காட்டிவிட்டுத் தொடங்கினால் இன்னும் நல்லது. எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்கிறவர்கள், சொல்லாமலேயே செய்யும்படியும் கேட்கலாம். மூன்று, நீங்கள் வெட்கப்படும் நிலையில் பற்கள் இருக்கின்றன என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். அதைச் சொன்ன பிறகு அறையே இலகுவாகிவிடுகிறது. உங்களுடையதைவிடக் கெட்டுப்போன வாயை அவர் அந்த வாரத்திலேயே பார்த்திருப்பார்.

கை தூக்கும் அடையாளத்தை முதல் நாளே ஒரு முறை சோதித்துப் பாருங்கள். வலி இல்லாவிட்டாலும் தூக்குங்கள். மருத்துவர் நிறுத்துகிறார் என்று கண்ணால் கண்ட பிறகுதான் மனம் நம்பும்.

எழுந்து வரும் முன் சிகிச்சைத் திட்டத்தை எழுதி வாங்குங்கள்: எந்தெந்தப் பல்லுக்கு என்ன, எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு. எது அவசரம், எது பிறகு என்று வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்கள். அவசரம் எதுவும் இல்லை என்றால் மிக எளிதான சிகிச்சையை முதலில் வையுங்கள். சுத்தம் செய்வதோ மேலோட்டமான ஒரு சொத்தையை அடைப்பதோ போதும். அது வலிக்காமல் முடிந்தால் அடுத்ததற்குத் தைரியம் வரும்.

7. மரத்துப்போகும் ஊசியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலானோரின் பயம் இங்கேதான் குவிகிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் பொதுவாகப் போடுவது அட்ரினலின் கலந்த லிக்னோகெயின். ஊசிக்கு முன் ஈற்றின்மேல் மரத்துப்போகும் ஜெல்லோ ஸ்ப்ரேயோ போடலாம். கேட்டால்தான் பலர் போடுவார்கள், கேளுங்கள். ஜெல் தடவியதும் ஓரிரு நிமிடம் காத்திருந்த பிறகே ஊசி குத்தச் சொல்லுங்கள். மருந்தை மெதுவாகச் செலுத்தினால் எரிச்சல் மிகவும் குறையும். "டாக்டர், மெதுவாகப் போடுங்கள்" என்று சொல்வதில் தவறே இல்லை.

மருந்து ஏறியதும் சிலருக்கு ஒரு நிமிடம் போல நெஞ்சு படபடக்கும். அது அட்ரினலினின் வேலை, தானே அடங்கிவிடும். பயந்தவர்கள் இதை மாரடைப்பு என்று எண்ணிக் கலங்குவார்கள். இதய நோய் இருப்பவர்கள் மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மேல் பற்களில் சில நிமிடங்களில் மரத்துவிடும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குத் தாடையின் பின்புறம் நரம்பருகே ஊசி போடுவதால் இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். பாதி உதடும் நாக்கும் தடித்தது போல இருக்கும். தொட்டால் அழுத்தம் தெரியும், வலி தெரியாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது முக்கியம். பல் எடுக்கும்போது தள்ளுவதும் இழுப்பதும் நன்றாகவே உணரப்படும், சத்தமும் கேட்கும். அது வலி அல்ல. கூர்மையாகச் சுரீர் என்றால் அதுதான் வலி. உடனே கையைத் தூக்குங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம்.

"எனக்கு மட்டும் மரத்துப்போவதே இல்லை" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மரத்துப்போகும் மருந்து சரியாக வேலை செய்யாது. வலி உச்சத்தில் இருக்கும்போது மட்டுமே போகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இதே அனுபவம்தான் கிடைக்கும், பயமும் உறுதியாகும். வலி இல்லாத நாளில் போனால் ஊசி நன்றாக வேலை செய்யும். தள்ளிப்போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊசியையோ ரத்தத்தையோ பார்த்தால் மயங்கி விழுகிறவர்கள் மூச்சுப் பயிற்சியை நம்பி இருக்க வேண்டாம். அவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்குவதால்தான் மயக்கம் வருகிறது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கி, முகம் சூடாவது தெரிந்ததும் தளர்த்தி, அரை நிமிடம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். ஐந்து முறை செய்யுங்கள். வீட்டில் சில நாள் பழகிவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். நாற்காலியைச் சாய்த்துப் படுத்த நிலையில் ஊசி போடச் சொல்லுங்கள்.

மயக்கம் வராமல் படபடப்பு மட்டும் வருகிறவர்களுக்கு எளிய மூச்சு போதும்: மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட நீண்ட நேரம் விடுவது. கால் விரல்களை அசைத்துக்கொண்டே இருப்பதும் எனக்கு உதவியது.

8. செலவு: முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்

ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். நான் விசாரித்த தனியார் கிளினிக்குகளில் ஏறத்தாழ இப்படி இருந்தது: ஆலோசனை 200 முதல் 500 ரூபாய், சுத்தம் செய்வது 800 முதல் 2,000, ஒரு பல்லை அடைப்பது 800 முதல் 2,000, சாதாரணமாகப் பல் எடுப்பது 500 முதல் 1,500, ரூட் கேனல் 3,000 முதல் 8,000, புதைந்த ஞானப் பல்லை அறுவை செய்து எடுப்பது அதற்கும் மேலே.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரூட் கேனல் விலையைக் கேட்கிறோம், அந்தப் பல்லின்மேல் உறைபோலப் பொருத்தும் கேப்பின் விலையைக் கேட்பதில்லை. ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல் எளிதில் உடையும். அதற்குப் பெரும்பாலும் கேப் தேவை. சாதாரண உலோகப் பீங்கான் கேப்புக்கும் ஜிர்கோனியா கேப்புக்கும் விலை பல மடங்கு வேறுபடும். "எக்ஸ்ரே, ரூட் கேனல், கேப் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். தவணையாகக் கட்டலாமா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு பகுதி கட்டுவது வழக்கம்தான்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நம் நாட்டின் வழக்கமான பாலிசிகளில் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் அன்றிப் பல் சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. அலுவலகக் காப்பீட்டில் வெளிநோயாளர் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்திருந்தால் ரசீதும் மருந்துச்சீட்டும் எக்ஸ்ரேயும் தேவைப்படும்.

சிலர் பயத்தைக் கண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பெரிய தொகையை முன்பணமாகக் கேட்பார்கள். அவசரம் இல்லாத எதற்கும் அன்றே சம்மதிக்காதீர்கள். எக்ஸ்ரே உங்களுடையது, அதை வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் காட்டலாம்.

9. சிகிச்சைக்கு முந்தைய இரவும் அன்றைய காலையும்

தெரிந்தவர்களிடம் "ரூட் கேனல் வலிக்குமா?" என்று கேட்டு அலையாதீர்கள். சிகிச்சை நன்றாக முடிந்தவர்கள் கதை சொல்வதில்லை. காணொளிகளையும் பார்க்க வேண்டாம்.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்பார்கள். போகாது, மேல் பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வெவ்வேறு. சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பார்கள். ஏற்கெனவே ஈறு இறங்கிய பல்லைக் கெட்டியாகப் படிந்த காரை பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது, அவ்வளவே.

காலையில் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையையும் உணவையும் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டே போக வேண்டும். முழு மயக்கமோ ரத்தக்குழாய் வழி மயக்க மருந்தோ தருவதாக இருந்தால் மட்டும் மருத்துவர் சொன்னபடி வெறும் வயிறு. காப்பியைக் குறைத்தால் படபடப்புக் குறையும். தைரியத்துக்காக மது அருந்திவிட்டோ வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை விழுங்கிவிட்டோ போகவே கூடாது. மரத்துப்போகும் மருந்தோடும் மற்ற மருந்துகளோடும் அவை ஆபத்தாகலாம்.

வலிக்காகப் பல்லின்மேல் புகையிலை அடக்குவது, ஆஸ்பிரினைப் பொடித்து வைப்பது இரண்டும் ஈற்றைப் புண்ணாக்கும். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் வலியைக் குறைக்கும், சொத்தையைக் குணமாக்காது. ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிச் சாப்பிடுவதும் வீண். நரம்பின் வலிக்கு அது மருந்தே அல்ல.

10. வீடு திரும்பிய பின்

மரத்த உணர்வு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அதுவரை சூடாக எதையும் குடிக்காதீர்கள், மெல்லாதீர்கள். உதட்டையும் கன்னத்தையும் தெரியாமல் கடித்துக்கொள்வோம். மரப்பு முழுவதும் தெளிவதற்கு முன்பே, எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைச் சாப்பிட்டுவிடுங்கள்.

பல் எடுத்திருந்தால் பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கடித்திருங்கள். அன்று முழுக்க எச்சில் துப்புவது, கொப்பளிப்பது, உறிஞ்சிக் குடிப்பது, புகைப்பது எதுவும் கூடாது. குழியில் உறைந்த ரத்தக்கட்டி கழன்றுவிட்டால் இரண்டு மூன்று நாளில் கடுமையான வலி வரும். அப்படி வந்தால் மறுபடி போய்க் காட்டுங்கள். மருந்து வைத்தால் அடங்கும். ஆறிய தயிர்ச்சாதம், குழைந்த கஞ்சி போதும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

ரூட் கேனல் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று முறையில் முடியும். முதல் முறையிலேயே வலி போய்விடுவதால் பயந்தவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். தற்காலிக அடைப்பு சில வாரம்தான் தாங்கும்; பிறகு கசிந்து தொற்று திரும்பும், கட்டிய பணமும் வீண். கிளம்பும் முன்பே அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

11. இவ்வளவு செய்தும் முடியவில்லை என்றால்

மூக்கில் சிறு முகமூடி வைத்து நைட்ரஸ் ஆக்சைடு வாயு தரும் கிளினிக்குகள் பெரிய நகரங்களில் இருக்கின்றன. நீங்கள் விழித்திருப்பீர்கள், பேசுவீர்கள், பதற்றம் மட்டும் இறங்கியிருக்கும். வாயுவை நிறுத்தி ஆக்சிஜன் தந்ததும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். மூக்கடைப்பு இருந்தால் இது பயன்படாது; சளி பிடித்த நாளில் போக வேண்டாம்.

அடுத்தது ரத்தக்குழாய் வழியே தரும் மயக்க மருந்து. மயக்கவியல் மருத்துவர் உடன் இருக்கிறாரா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. முழு மயக்கத்தில் செய்வது மருத்துவமனையில்தான். அதற்கு ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் கேட்பார்கள், திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், செலவும் பல மடங்கு. நிறையப் பற்களை ஒரே முறையில் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு இது பொருந்தும்.

இந்த மருந்துகள் அன்றைய சிகிச்சையை முடித்துத் தரும், பயத்தை எடுத்துவிடாது. மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே மூச்சு முட்டுகிறது, தூக்கம் போகிறது, வேலை கெடுகிறது என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். பயத்தைச் சிறு படிகளாகப் பிரித்துப் பழக்கும் சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) இலவசமாகத் தமிழில் பேசலாம்.

12. அடுத்த முறையை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்

எல்லாம் முடிந்த பிறகு ஆறு மாதத்தில் ஒரு பரிசோதனை. நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பழைய தயக்கம் திரும்பிவிடும். கடைசிச் சிகிச்சை நாளிலேயே அதே மருத்துவரிடம் தேதியை வாங்கி, வீட்டில் இன்னொருவரின் கைபேசியிலும் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். வலி இல்லாத வாயோடு, ஊசி இல்லாத ஒரு நாளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுவது உங்களுக்கு அவசியம் தேவைப்படும் ஓர் அனுபவம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அன்று கூட்டிக்கொண்டு போங்கள். "சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன்" என்று அவர்களை மிரட்டும் வழக்கத்தை அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.